தாங்குகிற கோழி

அண்ணன் நாலாவது கோழியின் தலையை அக்குளுக்குள் தள்ளிக்கொண்டு, அதன் பின்னெலும்புகளுக்கு நடுவே விரலை வைத்து அளந்தார். "ரெண்டு விரல் தாராளமா போகுது பாருங்க. ஒழுங்கா முட்டை போடும். ஒரு விரல்தான் போச்சுன்னா ஓய்வுல இருக்குன்னு அர்த்தம். அப்போ போய் திட்டிக்கிட்டு நிக்காதீங்க." பிறகு கொண்டையை நிமிண்டினார், கால் செதிலைத் தடவினார், முதுகில் காதை வைத்து மூச்சைக் கேட்டார். எல்லாம் சரியாக இருந்த பிறகுதான் என் பெட்டிக்குள் விட்டார். பெண்ணைக் கட்டிக்கொடுக்கிறவர்கூட மாப்பிள்ளையிடம் இத்தனை சொல்லியிருக்கமாட்டார்.

நான் அண்ணன் என்று கூப்பிடுகிற இவருக்கு ஊரில் கோழி டாக்டர் என்று பெயர். கேலிப் பெயர்தான். ஏனென்றால் இந்த டாக்டர் எந்தக் கோழிக்கும் ஒரு சொட்டு மருந்துகூடக் கொடுத்ததில்லை. முப்பது வருஷம் லிப்ட் மெக்கானிக்காக இருந்தவர். ஐந்தாவது மாடியில் பேரிங் தேய்வதைத் தரைத்தளத்தில் நின்றே சொல்லிவிடுவார் என்பார்கள். ஓய்வு பெற்றதும் ஊர் ஓரத்தில் அரை ஏக்கர் வாங்கி, இனிமேல் உப்பும் தீப்பெட்டியும் தவிர எதற்கும் கடைப்படி ஏறுவதில்லை என்று அறிவித்தார். சோப்பை மறந்துவிட்டார். அண்ணிதான் ஞாபகப்படுத்தினார்.

கோழியில்தான் ஆரம்பித்தார். முதலில் வாங்கியவை பண்ணையிலிருந்து வந்த வெள்ளைக் கோழிகள். நாள் தவறாமல் முட்டை போட்டன. ஆனால் மூட்டைத் தீவனத்தைத் தவிர வேறெதையும் தொடமாட்டோம் என்று அடம்பிடித்தன. பருந்து வந்தால் ஓடக்கூடத் தெரியாமல் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றன. அடுத்து வந்த குண்டுக் கோழிகள் முதல் கோடையிலேயே மூச்சிரைத்துச் செத்தன. மூன்றாவது தடவைதான் உருப்பட்டது. கழுத்தில் இறகே இல்லாத ஒரு சேவலை, வேலி தாண்டி மேயப்போகிற சிறுத்த கறுப்புப் பெட்டைகளோடு விட்டார். வெயில் தாங்கவேண்டும், குப்பையைக் கிளறித் தானே தின்னவேண்டும், அடைகாக்கவேண்டும், பருந்தைக் கண்டால் புதருக்குள் ஓடவேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் அந்தக் கோழி குழம்புக்குத்தான். பதினாலு வருஷம் இப்படிப் பொறுக்கிப் பொறுக்கிச் சேர்த்த கூட்டம் அது.

நோய் வந்தால் பார்த்துக்கொண்டிருப்பார். இருபது கோழி ஒரே வாரத்தில் சுருண்டு விழுந்தபோதும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். "மருந்து குடுத்துக் காப்பாத்தினா, அது பெத்த குஞ்சும் மருந்து கேட்கும் தம்பி. விழறது விழட்டும். தாங்கி எழுந்து நிக்குது பாருங்க, அதுதான் நம்ம இனம்." மூச்சில் லேசாகக் கரகரப்புக் கேட்டாலும் அந்தக் கோழியை அன்றைக்கே கூட்டத்திலிருந்து கழித்துவிடுவார். இதை என்னிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். பெரிய தத்துவம் என்று நானும் தலையாட்டியிருக்கிறேன். இப்போது நினைத்தால் என் தலையை நானே குட்டிக்கொள்ளத் தோன்றுகிறது.

பொறுக்குவது அண்ணன் வேலை, கூட்டுவது அண்ணி வேலை. தினமும் காலையில் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கூண்டுக்குள் போய், காய்ந்த எச்சத்தைச் சுரண்டிப் பெருக்கி, உரக்குழியில் கொட்டிவிட்டு வருவார். இறகுத் தூள் புகைபோலக் கிளம்பும். அவருக்கு இருமல் எப்போது ஆரம்பித்தது என்று யாருக்கும் தெரியாது. தெரியாதபடி பார்த்துக்கொண்டார். இருமல் வந்தால் ஓடிப்போய்த் தண்ணீர் மோட்டாரைப் போட்டுவிடுவார். அந்த இரைச்சலில் நன்றாக இருமி முடித்துவிட்டுத்தான் வருவார். சில நாள் அணைக்க மறந்துபோகும். "டேங்க் ரொம்பி வழியுது, கண்ணு தெரியலையா?" என்று அண்ணன் கத்துவதை நானே கேட்டிருக்கிறேன். கோழிக்கு மூச்சு இரைப்பது கேட்ட காதில் இது மட்டும் விழவில்லை. இரண்டு வருஷம் விழவில்லை.

கடைசியில் அண்ணி மாடிப்படி ஏறமுடியாமல் பாதியில் உட்கார்ந்துவிட்டார். மகள் வந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். கோழித்தூசி ஒத்துக்கொள்ளாமல் நுரையீரல் தழும்பேறிப் போயிருக்கிறது, முன்பே வந்திருந்தால் முழுசாகச் சரிசெய்திருக்கலாம், இனி அந்தப் பக்கமே போகக்கூடாது என்றார்கள். ஏன் சொல்லவில்லை என்று மகள் அழுதபோது அண்ணி சிரித்துக்கொண்டே சொன்னாராம்: "உங்கப்பா கோழியைப் பார்க்கிற மாதிரி என்னையும் பார்த்துடுவாரோன்னு பயமா இருந்துச்சுடி."

விளையாட்டுக்குச் சொன்னதுதான். இதை அண்ணனே என்னிடம் சொன்னார். "விளையாட்டுக்குத்தான் சொல்லியிருப்பா இல்ல தம்பி?" என்று பிறகு இரண்டு தடவை கேட்டார். நானும் இரண்டு தடவை ஆமாம் என்றேன். எனக்கே அது நம்பிக்கையாக வரவில்லை.

அண்ணி ஐந்து மாதமாக மகள் வீட்டில் இருக்கிறார். அவர் திரும்பி வரவேண்டுமானால் கோழி போகவேண்டும். ஒரே நாளில் சந்தையில் தள்ளியிருக்கலாம். அண்ணனால் முடியவில்லை. இன்னாருக்கு இது என்று பார்த்துப் பார்த்துக் கொடுத்ததில் ஐந்து மாதம் ஓடிவிட்டது. அந்த ஐந்து மாதத்துக்காகவும் சேர்த்துத்தான் இப்போது வருத்தப்படுகிறார். மிச்சமிருந்த ஒன்பதும் அந்த ஞாயிற்றுக்கிழமை என் பெட்டிக்கு வந்தன. பெட்டியை என் வீட்டில் இறக்கிவிட்டு, இருவரும் குளித்து உடுப்பு மாற்றிக்கொண்டு, அண்ணியைப் பார்க்கப் போனோம்.

மகள் வாசலிலேயே அப்பாவை நிறுத்தி, கொல்லைக் குழாயில் இன்னொரு முறை குளிக்கவைத்தாள். மருமகனின் சட்டையைப் போட்டுக்கொண்டு அண்ணன் உள்ளே வந்தார். தோளில் தொளதொளவென்று தொங்கியது. அண்ணி டிவி பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாத்தையும் குடுத்துட்டீங்களா?"

"ம்."

"அந்த மொட்டைக்கழுத்துச் சேவலையுமா?"

"தம்பிகிட்டதான் இருக்கு. நெனச்சா போய்ப் பார்த்துட்டு..." என்றவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"பதினாலு வருஷமாச்சேங்க."

"அதுங்க கெடக்குது விடு. கூண்டைப் பிரிச்சிட்டு சுவரெல்லாம் கழுவி வெள்ளையடிக்கப்போறேன். ஆறு மாசம் கழிச்சு நீ வந்து இருந்து பார்க்கலாம்னு ஆஸ்பத்திரில சொல்லியிருக்காங்க."

"வந்துடறேன். இப்போ எவ்வளவோ தேவலைங்க. இருமலே இல்ல."

சொல்லி முடிப்பதற்குள் அண்ணியின் தொண்டை கரகரத்தது. கை தானாக நீண்டு ரிமோட்டை எடுத்தது. டிவியில் யாரோ சமையல் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்தக் குரல் ஏறி, ஏறி, ஜன்னல் அதிரும் அளவுக்கு ஏறியது. அண்ணி முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்குவது தெரிந்தது.

அண்ணன் எழுந்துபோய் டிவியை அணைத்தார். அறை முழுக்க இருமல்தான் கேட்டது. அது நிற்கும்வரை காத்திருந்தார். பிறகு அண்ணியின் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கி ரிமோட்டை வாங்கி, பின்மூடியை நகத்தால் நெம்பித் திறந்து, இரண்டு பேட்டரியையும் எடுத்து மருமகன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.