வெர்னா போடாத கையெழுத்து

வெர்னா குச்செல் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவள். ஆனால் அடிலெய்டு பாறைக் கிடங்கில் அவள் கைபடாத பெட்டி ஒன்று கிடையாது. வடக்கே பாலைவனத்தில் எரிவாயு தேடித் துளை போடுகிறவர்கள், ஆழத்திலிருந்து உருளை உருளையாகப் பாறையை எடுத்து அனுப்புவார்கள். அதைக் கழுவி, வரிசையாக மேசையில் அடுக்கி, எல்லாம் சரி என்று தாளில் அவள் கையெழுத்துப் போட்ட பிறகுதான் யாரும் ரம்பம் வைக்கலாம். இருபத்தாறு வருஷமாக அதுதான் அங்கே சட்டம்.

எந்தப் பக்கம் மேல் என்று தெரிய, துளைமேடையிலேயே உருளைமேல் நெடுக இரண்டு கோடு இழுப்பார்கள். நிமிர்த்திப் பிடித்தால் வலப்பக்கம் சிவப்பு, இடப்பக்கம் கறுப்பு. அந்தச் செவ்வாய்க்கிழமை வந்த ஒன்பது மீட்டர் பாறையிலும் கோடு ஒழுங்காகத்தான் இருந்தது. கழுவிக்கொண்டு வந்தவள், நிலக்கரிப் பட்டைக்குப் பக்கத்தில் கையை நிறுத்தினாள்.

"கையெழுத்துப் போட மாட்டேன் கண்ணு. இது தலைகீழா இருக்கு."

நிலவியல் ஆய்வாளர் பாஸ்கோவுக்குச் சுருக்கென்றது. எரிவாயு உள்ளே வர, கிணற்றுக்குள் இறக்கிய இரும்புக் குழாயில் வெடிவைத்து ஓட்டை போட வேண்டிய ஆழத்தை மறுநாள் காலையில் அவர் சொல்லியாக வேண்டும். இடம் தப்பினால் எரிவாயு இருக்கும் மணற்பாறைக்குப் பதில் களிப்பாறையில் வெடிக்கும். வறண்ட கிணறு என்று சிமெண்ட் ஊற்றி மூடிவிடுவார்கள்.

"கோடு சரியாத்தானே இருக்கு, வெர்னா?"

"கோடு மனுஷன் இழுத்தது. பாறை எடுக்கிற குழாயிலேருந்து உருவும்போதே திருப்பிப் போட்டுட்டு, அப்புறம் அழகா கோடு இழுத்திருக்கான். இந்த வேரைப் பாருங்க. கரிக்கு மேல நின்னுக்கிட்டு வானத்தைப் பாத்துப் போகுது. எந்த ஊர்லங்க வேர் மேல போகும்?"

"அது வெறும் கரிக்கீற்று. நான் டாக்டர் பட்டம் வாங்கினதே இந்தப் பாறையிலதான்."

"அப்ப பட்டத்தையும் திருப்பி மாட்டிக்குங்க," என்றான் தூக்குவண்டி ஓட்டும் துஷ்கோ.

பாஸ்கோ முகம் சிவந்தார். "போடலைன்னா நாளைக்கு வேற ஆளை வெச்சுக்கறோம்."

"தாராளமா வெச்சுக்குங்க. இன்னிக்கு நான்தான்." ரம்பத்தின் மேடைமேலேயே ஏறி உட்கார்ந்து, கறிப் பணியாரத்தைப் பிரித்துத் தின்ன ஆரம்பித்தாள். தின்றுகொண்டே கேட்டாள்: "கிணத்துக்குள்ள கம்பியில கருவி இறக்கி எடுத்த படம் இருக்குமே, அது பாறையோட ஒத்துப்போச்சா?"

"ஆறு மீட்டர் கீழ நகர்த்தினேன். ஒத்துப்போச்சு."

"நகர்த்தினீங்களா! பாறை சரியா இருந்தா நகர்த்தாமலே ஒத்துப்போகணுமே!" என்று துள்ளி இறங்கினாள்.

அவளும் துஷ்கோவுமாக ஒவ்வொரு துண்டாகத் திருப்பி, கடைசித் துண்டை முதலில் வைத்து, மேசை முழுக்க அடுக்கினார்கள். படத்தை நகர்த்தாமல் பக்கத்தில் விரித்தாள். கரி இருந்த இடத்தில் கரி, மணல் இருந்த இடத்தில் மணல். ஒரு விரற்கடைகூடப் பிசகவில்லை.

பாஸ்கோ குரலைத் தணித்தார். "சரி. கிடங்குல பெட்டி மாறிப்போச்சுன்னு எழுதிடலாம். மேடைக்காரங்களோட எனக்கு வம்பு வேணாம்."

"எங்க கிடங்குல எதுவும் மாறல."

தாளை இழுத்து, கோணல்மாணல் எழுத்தில் எழுதினாள்: 'துளைமேடையில் திருப்பிப் போட்டுக் கோடு இழுத்திருக்கிறார்கள். கண்டுபிடித்தது வெர்னா குச்செல்.' பேனாவை அவர் பக்கம் நீட்டினாள்.

"நீங்களும் போடுங்க. எனக்குக் கீழ."

அவர் போட்டார். அதன் பிறகுதான் ரம்பத்துக்கு வழி விட்டாள்.