மாமாவின் குங்ஃபூ

குங்ஃபூ படத்தில் சண்டை தொடங்கியதும் எழுந்து போகிற மனிதரை எப்படி நம்புவது என்பது அந்த வயதில் எனக்குப் பெரிய கேள்வி. என் தாய்மாமா அப்படித்தான் செய்வார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் தமிழ் பேசும் சீனப் படங்கள் டிவியில் வரும். கலை கற்க வந்த பையனை மடத்துக்குள் விடாமல் கதவைச் சாத்துவார்கள். அவன் வெயிலிலும் மழையிலும் வாசலிலேயே நிற்பான். கடைசியில் கதவு திறக்கும். அதுவரை மாமா கண் கொட்டாமல் பார்ப்பார். சண்டை வந்ததும் தண்ணீர் குடிக்கப் போய்விடுவார்.

"அடிக்கிறது யாரு வேணா அடிப்பான் பாப்பா. நின்னுக்கினு இருக்கான் பாரு, அவன்தான் வீரன்" என்பார். ஐந்தாம் வகுப்பில் இருந்த எனக்கு இது பயந்தாங்கொள்ளியின் தத்துவமாகப் பட்டது.

மாமா கம்மாபுரத்திலிருந்து வந்து எங்கள் குவார்ட்டர்ஸில் தங்கியிருந்தார். அப்பா வேலை பார்த்த நிலக்கரி மைன்ஸிலேயே கான்ட்ராக்ட் வேலை கிடைத்துவிட்டது என்று சொல்லியிருந்தார். அந்த வேலையை நம்பித்தான் சேத்தியாத்தோப்பில் பெண் கொடுக்கச் சம்மதித்திருந்தார்கள். தை பிறந்தால் கல்யாணம். அம்மா பிளாக் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள்.

எனக்குத்தான் எங்கோ இடித்தது. அப்பா ஷிப்ட் முடிந்து வந்தால் காது மடலில்கூடக் கரி இருக்கும். மாமாவின் சட்டை போனது போலவே திரும்பி வரும். "அங்கியே குளிச்சிட்டு வரான்டி" என்றாள் அம்மா. குளித்த தலையில் காலையில் வைத்த எண்ணெயும் வகிடும் அப்படியே இருக்குமா? மாமா எங்கேயோ ரகசியமாகக் குங்ஃபூ கற்கிறார், அதுவும் என்னை விட்டுவிட்டு என்று முடிவு செய்தேன். தூங்கும்போது அவர் முழங்கையில் காயம் தேடினேன். ஒன்றும் இல்லை. கைதேர்ந்தவர் அடி வாங்குவாரா என்ன?

அரையாண்டு விடுமுறையில் ஒரு நாள் காலையில் மாமாவைச் சைக்கிளில் பின்தொடர்ந்தேன். மைன்ஸ் கேட்டுக்கு எதிரே வெயிலில், சாப்பாட்டுப் பையோடு ஒரு கூட்டம் நின்றது. அதில் மாமாவும் இருந்தார். ஒரு ஜீப் வந்ததும் எல்லோரும் நிமிர்ந்தார்கள். ஆள் எடுக்க வந்தவர் நாலைந்து பேரை விரலால் காட்டினார். அவர்கள் மட்டும் உள்ளே போனார்கள். மாமா நின்ற இடத்திலேயே நின்றார்.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. படத்தில் வந்ததேதான்.

"எத்தினி நாளா நின்னுக்கினு இருக்கீங்க மாமா?" என்று ஓடிப்போய்க் கேட்டேன்.

அவர் முகத்தில் ஈயாடவில்லை. "வந்ததுலேர்ந்து" என்றார். "வூட்ல சொல்லிடாத."

"சொல்ல மாட்டேன். நானும் பெரியவளானதும் இங்க வந்து நிக்கறேன்."

"நீ இங்க வந்து நிக்கவே கூடாது. போ. போயி படி." அவர் என்னிடம் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நான் சேர்ந்தால் தன்னை மிஞ்சிவிடுவேன் என்று பயப்படுகிறார். கலையைத் தனக்கே வைத்துக்கொள்ளப் பார்க்கிறார். சொந்த மாமாவே இப்படி என்றால் யாரைத்தான் நம்புவது?

ராத்திரி சாப்பிடும்போது அம்மா, "இன்னிக்கு வேலை ஜாஸ்தியாடா?" என்றாள். மாமா என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை. வாக்குக் கொடுத்தாயிற்றே. அவர் தன் தட்டிலிருந்த ஆம்லெட்டை எடுத்து மெதுவாக என் தட்டில் வைத்தார். லஞ்சம் என்று தெரிந்துவிட்டது. ஆம்லெட்டுக்கு விலைபோகிற ஆள் நான் இல்லை என்று காட்ட, முகத்தைச் சுளித்து அதை அவர் தட்டிலேயே திருப்பிப் போட்டேன். பாதிச் சோற்றில் கையைக் கழுவிக்கொண்டு மாமா வெளியே போய்விட்டார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கத்தானே செய்யும் என்று நினைத்துக்கொண்டு நான் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.