லெந்து முடிந்தும் விடாத கஞ்சி

ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலமான லெந்து நாட்களில் கறி, மீன், முட்டை மூன்றையும் விட்டுவிடுவது எங்கள் வீட்டு வழக்கம். ஈஸ்டர் ஆராதனை முடிந்ததும் பிரியாணி அடுப்பில் ஏறிவிடும். போன வருடம்தான் எனக்குப் புத்தி கெட்டது. ஈஸ்டருக்குப் பிறகும் விட்டதை விட்டபடியே இருந்தேன். காரணம் பக்தி இல்லை, பாராட்டு. கோயிலில் பார்த்தவர்களெல்லாம், "இன்னா சிஸ்டர், பத்து வயசு கொறஞ்ச மாரி கீறீங்க!" என்றார்கள். அறுபத்தெட்டு வயதில் அதைக் கேட்க யாருக்குத்தான் கசக்கும்? நான் ஓய்வுபெற்ற நர்ஸ், விவரம் தெரிந்தவள் என்ற திமிர் வேறு. காலையில் கூழ், மதியம் ரசம் சோறு, ராத்திரி கஞ்சி. தொளதொளத்த ரவிக்கைகளைப் பெருமையாகப் பிடித்துத் தைக்கக் கொடுத்தேன்.

ஒரு ஞாயிறு, திருவிருந்துக்கு முழங்காலிட்டேன். அப்பமும் திராட்சரசமும் வாங்கியாகிவிட்டது. எழுந்திருக்க முடியவில்லை. முன்னால் இருந்த கம்பியைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். தொடை வெடவெடவென்று ஆடியதே தவிர உடம்பு மேலே வரவில்லை. அடுத்த வரிசை எனக்காகக் காத்து நிற்கிறது. கடைசியில் இரண்டு பெண்கள் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினார்கள். வார்டில் எத்தனை பேரைத் தூக்கி உட்காரவைத்தவள் நான்! அன்றைக்கு மானமே போயிற்று.

நான் வீடு வந்து சேர்வதற்குள் செய்தி சென்னைக்குப் போய்விட்டது. அங்கே கம்ப்யூட்டர் வேலையில் தனியாக இருக்கும் என் மகன், ஒரே பிள்ளை, அந்த வாரமே வந்து நின்றான்.

"போதும்மா. விழுந்து இடுப்ப ஒடச்சிக்கினா இன்னா பண்றது? வீட்ட வித்துட்டு எங்கூட வந்துடு."

ஷூ கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்த என் வீட்டுக்காரரும் நானும் பார்த்துப் பார்த்துக் கட்டிய வீடு. அவர் போன பிறகும் இதே வேலூரில், இதே வீட்டில் ஒண்டியாக ராணி மாதிரி இருந்தவள். எனக்குச் சுர்ரென்று ஏறியது. "கிறிஸ்மஸ் வரைக்கும் டைம் குடு. அப்பவும் இப்டியே இருந்தா, நீ சொல்றபடி வர்றேன்" என்றேன்.

மறுநாளே நான் முன்பு வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்குப் போனேன். முதியோர் பிரிவு டாக்டரம்மா என்னைக் கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து எழச் சொன்னார். எழ முயன்று பொத்தென்று திரும்ப உட்கார்ந்தேன்.

"எட கொறஞ்சது கொழுப்பு மட்டும்னு நெனச்சீங்களா சிஸ்டர்? தசையும் போயிருக்கு. சர்டிபிகேட்ல அறுபத்தெட்டு. உங்க தொடைய கேட்டா எண்பதுன்னு சொல்லும்."

"திருப்ப முடியுமா டாக்டர்?"

"சர்டிபிகேட்ட திருப்ப முடியாது. தொடைய திருப்பலாம். நல்லா சாப்பிடணும், சாப்பிட்டதுக்கு வேலையும் குடுக்கணும்."

வெட்கக்கேடு, எத்தனையோ நோயாளிகளிடம் நானே சொன்ன பேச்சு! அன்று மாலையே கறிக்கடைக்குப் போனேன். கடை பாய் சிரித்தார். "இன்னா சிஸ்டர், லெந்து இப்பதான் முடிஞ்சுதா?"

"ஆமா பாய், எனக்கு மட்டும் ஆண்டவர் கொஞ்சம் ஜாஸ்தி குடுத்துட்டார்."

அதன்பிறகு கூழோடு முட்டை, மதியம் மீன் இல்லாவிட்டால் பருப்பும் கீரையும், சாயங்காலம் பயறோ வேர்க்கடலையோ. ஞாயிறு மட்டும் கொஞ்சம் கறி. நாற்காலியில் உட்கார்ந்து எழுவேன். மாடிப்படி ஏறி இறங்குவேன். முதலில் பாதிப் படியிலேயே மூச்சு வாங்கும். நரை கறுக்கவில்லை, மூக்குக்கண்ணாடி கழலவில்லை. ஆனால் மழைக்காலம் வருவதற்குள் ஈரத்துணி வாளியோடு மொட்டைமாடிக்குப் போகிற கால் வந்துவிட்டது. யார் என்ன சொன்னாலும் அந்தக் கால்களை நான் நம்பினேன்.

அதை மகனிடம் போனில் சொன்னால் நம்ப வேண்டுமே! கிறிஸ்மஸுக்கு மறுநாள் புரோக்கரையே கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். மொட்டைமாடியைப் பார்க்க வேண்டும் என்றார் அவர். நான் விறுவிறுவென்று முன்னால் ஏறினேன். மேலே போய்த் திரும்பினால் புரோக்கர் நிற்கிறார், மகனைக் காணோம். எட்டிப் பார்த்தேன். படி திரும்புகிற இடத்தில் உட்கார்ந்திருந்தான்.

"வீட்ட விக்க வந்தவன் இன்னாடா, படியிலயே குடியேறிட்டே?" என்று சிரித்தேன். நிமிர்ந்தான். முகம் வெளுத்து, சட்டையெல்லாம் வேர்வை. நாற்பத்து நாலு வயது. என் சிரிப்பு அப்படியே நின்றது. ஓடி இறங்கி நாடி பிடித்தேன்.

"கொஞ்ச நாளா இப்டிதாம்மா. அங்க லிப்ட்டுலயே போறனா, தெரியல."

"இன்னாடா சாப்புடறே அங்க?"

"கெடைக்கறத. நடுராத்திரிக்கு ஆர்டர் போட்டு."

அடப்பாவி! "எழுந்திரு, ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"நாளைக்குப் போலாம்மா."

"இப்பவே!"

அவன் கையை எடுத்து என் தோளில் போட்டுக்கொண்டேன். அவன் பாரம் முழுக்க என்மேல் இறங்கியது. தாங்கினேன். ஒவ்வொரு படியாக இருவரும் இறங்கினோம்.

இதயத்துக்கு ஆபத்தில்லை என்று டாக்டர்கள் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. சர்க்கரை கன்னாபின்னாவென்று ஏறியிருந்தது. ஒரு மாதம் லீவு போட்டு என் சமையலைச் சாப்பிடச் சொன்னேன். முனகிக்கொண்டே ஒத்துக்கொண்டான். அந்த வாரமே புரோக்கரிடமிருந்து போன் வந்தது. அவன்தான் எடுத்தான்.

"வீடு விக்கறதா இல்ல சார்," என்றான். "அம்மாதான் என்னைப் பாத்துக்கறாங்க."