தேவானந்தம் ஓட்டிய பதினோரு கிலோமீட்டர்

என் தம்பி பா. தேவானந்தம் ஜெயித்தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். எழுத்துக்கூட்டிப் படிக்கக்கூட வராதவன், கேள்விகளைக் காதில் கேட்டுப் பதில் சொல்லும் தேர்வில் மூன்றாவது முறை தேறி, 2008இல் கார் ஓட்டும் உரிமம் வாங்கினான். வாடகை வண்டி ஓட்ட எட்டாம் வகுப்பு படித்திருக்க வேண்டும் என்ற விதியை 2019இல் எடுத்துவிட்டார்கள். அந்த வருடமே அதற்கான உரிமத்தையும் வாங்கினான். பதினைந்து வருடம் ஜிஎஸ்டி சாலையில் ஓட்டியும் அவன் பெயரில் ஒரு விபத்து கிடையாது. மலையில் ஒரு மண்பாதையில் நாற்பத்து மூன்று முறை வண்டியை ஏற்றி, நாற்பத்து மூன்று முறையும் ஒரு கீறல் இல்லாமல் இறக்கிக் கொண்டுவந்தான். நாற்பத்து நான்காவது முறைக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் வீடு பீர்க்கன்கரணை ஏரிக்குப் பின்தெருவில் இருக்கிறது. நான் பத்தாம் வகுப்பு முடித்தேன். மறைமலை நகரில் கார் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில் அளவு சரிபார்க்கும் வேலை. தம்பி என்னைவிட நான்கு வயது சின்னவன். அவனுக்குப் படிப்பு வராததற்குச் சோம்பேறித்தனம் காரணமில்லை. வாத்தியார் கரும்பலகையில் எழுதினால், "அது நிக்கவே மாட்டேங்குதுக்கா, ஓடிக்கினே கீது" என்று அழுவான். ஐந்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள். வண்டியில் உட்கார்ந்தால் மட்டும் எல்லாம் அவனுக்கு நின்றது. ஒரு தடவை போன வழியை அவன் மறந்ததில்லை. அவனுக்கென்று இருந்தது அந்த ஒரு வேலைதான். அது போனால் வேறு எதுவும் இல்லை என்பது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

2017இலிருந்து செம்பாக்கத்தில் சிட்டிபாபு சாரிடம் நிரந்தர டிரைவராக இருந்தான். அவர் பூர்வீகமாக அந்த ஊர்க்காரர். வயல்களை மனை போட்டு விற்றவர். ஜவ்வாது மலையில் ஐந்து ஏக்கர் வாங்கிப் பழமரம் வைத்திருந்தார். ஒன்றரை, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அங்கே போவார். போளூர் தாண்டி மலை ஏறும் தார்ச்சாலையிலிருந்து இடப்பக்கம் ஒரு மண்பாதை பிரிகிறது. அங்கிருந்து தோட்டம் வரை பதினோரு கிலோமீட்டர்.

தம்பிக்குப் படிக்கத் தெரியாது என்பது சிட்டிபாபு சாருக்குத் தெரியாது. "சொன்னா வேலை பூடும்க்கா" என்பான்; அதனால் அவரிடம் சொல்லவே இல்லை. புதிதாக ஒரு பலகை கண்ணில் பட்டால், போனில் படம் எடுத்து வாட்ஸப்பில் எனக்கு அனுப்புவான். அவசரமான சங்கதி என்றால் நான் உடனே கூப்பிடுவேன். மனை விளம்பரம், கட்சி வாழ்த்து, கோயில் திருவிழா என்றால் கூப்பிட மாட்டேன். பத்து நிமிடத்தில் அக்கா கூப்பிடவில்லை என்றால் போகலாம். இது எங்கள் இருவருக்குள் இருந்த ஏற்பாடு. எனக்கு எப்போதும் பிற்பகல் ஷிப்டு. காலையில் போன் கையிலேயே இருக்கும்.

சார் கேலி செய்வாராம். "இன்னாடா தேவா, எந்தப் போர்டைப் பாத்தாலும் போட்டோ புடிக்கிற? அதுல எவளாவது நின்னுகினு கீறாளா?"

"இல்ல சார், சும்மா ஞாபகத்துக்கு."

"உன் கல்யாணத்துல கூட இவ்ளோ போட்டோ புடிச்சிருக்க மாட்டான்டா."

2022 பொங்கல் விடுமுறையில் நானும் அந்த மலைக்கு ஒருமுறை போனேன். "உங்க அக்காவையும் இட்டுனு வா, காசா பணமா" என்று சாரே சொல்லியிருந்தார். முன்சீட்டில் என்னை உட்கார வைத்தார்கள். அடிவாரத்தில் புளியமரங்கள். மூன்றாவது கிலோமீட்டரில் மூங்கில் இரண்டு பக்கமும் சாய்ந்து பாதையை மூடியிருந்தது. ஐந்தைத் தாண்டியதும் மரங்கள் விலகி, சாமை அறுத்த சரிவுகள் மஞ்சளாகக் கிடந்தன. ஏழாவது கிலோமீட்டரில் ஒரு வளைவு. வலப்பக்கம் பாறை, இடப்பக்கம் பள்ளம். பள்ளத்துக்கு அப்பால், எங்கேயோ கீழே, ஓர் ஏரி தகடு மாதிரி மின்னியது. நான் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தேன்.

தம்பி அங்கே வண்டியை நிறுத்தி, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு இறங்கினான். குதிகாலால் மண்ணை அழுத்தி அழுத்தி வளைவு முழுக்க நடந்துவிட்டு வந்தான்.

"இது வளக்கமாக்கா. இந்த ரோடு மாசத்துக்கு ஒரு ரோடு. தையில பாரு, கல்லு மாதிரி கீது. சித்திரையில மாவாப் பூடும், பிரேக் புடிச்சா வண்டி நிக்கும், மண்ணு நவுரும். மொத மழைக்கு செம்மண்ணு சோப்புக்கட்டி. ஐப்பசியில மேல காஞ்சிருக்கும், அடியில ஈரம் இருக்கும். காலு வெச்சாத்தான் தெரியும்."

பின்சீட்டிலிருந்து சார், "தேவா, அக்காவாண்ட பாடம் எடுக்கிறியா, வண்டி எடுக்கிறியா?" என்றார்.

"ரெண்டும்தான் சார்."

வண்டி வளைவில் திரும்பியபோது அவன் கை ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிக்கவில்லை. இரண்டு விரலால் கேட்டுக் கேட்டுத் திருப்பியதுபோல இருந்தது. என் தம்பி என்று அன்றைக்கு எனக்கு இருந்த பெருமையை நான் யாரிடமும் சொன்னதில்லை.

2023 நவம்பர் 12 தீபாவளி. கூட இரண்டு நாள் விடுப்பு வேண்டும் என்று, அந்த வாரம் மட்டும் காலை ஷிப்டுக்கு மாற்றி வாங்கினேன். எங்கள் தொழிற்சாலையில் போனை வாசல் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். ஷிப்டு மாறியதைத் தம்பியிடம் நான் சொல்லவில்லை. மலைக்குப் போவதை அவனும் சொல்லவில்லை. சாருடைய தாய்மாமா லோகநாதன் என்பவர் தோட்டத்தைப் பார்க்க ஆசைப்பட்டதால், செவ்வாய்க்கிழமை, 7ஆம் தேதி, விடியற்காலையில் திடீரென்று கிளம்பியிருக்கிறார்கள்.

மண்பாதை பிரியும் இடத்தில் ஒரு புதுப் பலகை. கறுப்புத் தகரத்தில் வெள்ளைச் சாயத்தில் கையால் எழுதியது. 9.52க்குத் தம்பி அதைப் படம் எடுத்து எனக்கு அனுப்பினான். டயரில் காற்று பார்ப்பதுபோலப் பத்து நிமிடத்துக்கும் மேல் அங்கேயே நின்றான். சார் யாரிடமோ போனில் ஒரு கிரயம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். பெரியவர் அசந்து தூங்கிவிட்டார். நான் கூப்பிடவில்லை. அக்கா கூப்பிடவில்லை என்றால் அது ஏதோ விளம்பரம். 10.05க்கு வண்டியை எடுத்தான்.

ஏழாவது கிலோமீட்டரில் வழக்கம்போல இறங்கி நடந்தான். நான்கு நாளாக மழை இல்லை. மேல்மண் கெட்டியாக இருந்தது, குதிகாலுக்கு ஈரமும் தட்டவில்லை. வண்டி வளைவின் பாதிக்கு வந்தபோது இடப்பக்கத்துப் பாதை அப்படியே கீழே போய்விட்டது. போன மாதத்து மழைநீர் அடியில் புகுந்து மண்ணைத் தின்றுவிட்டு, மேலே ஓடு மாதிரி விட்டுவைத்திருந்தது.

நான் போனை வாங்கியபோது மணி மூன்று பத்து. பலகையில் எழுதியிருந்தது இது: "7வது கி.மீ. வளைவில் பாதை அடியில் அரித்துள்ளது. நான்கு சக்கர வண்டிகள் போக வேண்டாம்." கூப்பிட்டேன். வேறு யாரோ எடுத்து ஆஸ்பத்திரியின் பெயரைச் சொன்னார்கள். தம்பிக்கு வலது கால் முறிவு. சாருக்குத் தோள்பட்டை நழுவியிருந்தது. பெரியவரை அங்கே கொண்டுவரும்போதே உயிர் இல்லை.

கையெழுத்தைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். அந்த வருடம் ஜூலையில், அவன் மகள் ஜோதிலட்சுமியின் ரேங்க் கார்டில் தம்பி கைநாட்டு வைத்தான். வகுப்பில் பிள்ளைகள் சிரித்தார்கள் என்று குழந்தை வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் இருந்தாள். மறுநாள் அவன் பெருங்களத்தூரில் நம்பர் பிளேட் ஸ்டிக்கர் ஒட்டும் கடைக்குப் போய், தன் பெயரை ஒரு சாண் உயரத்தில் வெட்டித் தரச் சொல்லி வாங்கி வந்தான். அதை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் பழகினான். "படிக்கலக்கா. ரூட்டு மாதிரி மனப்பாடம் பண்ணிகினேன். இங்க கிளம்பி, இங்க சுத்தி, இங்க போய் நிக்கணும்" என்றான். அடுத்த ரேங்க் கார்டு ஜனவரியில் வரும். அதில்தான் முதலில் போட வேண்டும் என்று வைத்திருந்தான். பழகும் தாளை மகளுக்குக்கூடக் காட்டவில்லை.

ஆஸ்பத்திரியில் இரண்டாம் நாள் முழுக்க நான் கூடவே இருந்தேன். வியாழக்கிழமை காலை மாற்றுத்துணி எடுத்துவர ஊருக்கு வந்தேன். அந்த இடைவெளியில் சாரும் அவருடைய வக்கீலும் கட்டிலருகே வந்திருக்கிறார்கள். பெரியவரை அடக்கம் செய்துவிட்டு நேராக வந்த சாரின் முகம் வீங்கியிருந்ததாம். தம்பி சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"நீ பயப்படாதடா, இன்சூரன்ஸுக்கு ஒரு லெட்டர் வேணும், அவ்ளோதான்னாரு. வக்கீல் பேனாவைக் குடுத்தாரு. 'படிச்சுப் பாத்துட்டுப் போடுப்பா'ன்னாரு. நான் பாத்தேன்க்கா, படிக்கிற மாதிரி."

"கைநாட்டு வெக்கிறேன்னு சொல்ல வேண்டியதுதானேடா."

"இத்தினி வருசம் சாருக்குத் தெரியாதுக்கா. பெரியவரு செத்துக் கெடக்கும்போது, எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு எப்பிடிக்கா சொல்றது?"

அந்தத் தாளின் நகலைப் பிறகு காவல் நிலையத்தில் படித்தேன். எச்சரிக்கைப் பலகையைப் படித்ததாகவும், முதலாளி திரும்பிவிடலாம் என்று சொல்லியும் கேட்காமல் தன் பொறுப்பிலேயே ஓட்டியதாகவும் அதில் இருந்தது. கீழே, வளைவு வளைவாக, ஒரு பிசிறு இல்லாமல், என் தம்பியின் பெயர்.

இன்ஸ்பெக்டர் மரியாதையாகத்தான் பேசினார். நான் பலகைப் படத்தையும், அனுப்பிய நேரத்தையும், எங்கள் ஏற்பாட்டையும் ஒன்று விடாமல் சொன்னேன்.

"படிக்கத் தெரியாதுன்னு சொல்றீங்க. கையெழுத்து இவ்வளவு சுத்தமா இருக்கேம்மா?"

"அது ஒண்ணுதான் சார் அவனுக்கு எழுதத் தெரியும்."

"கைநாட்டா இருந்தா, படிச்சுக் காட்டினோம்னு சாட்சி போட்டிருக்கணும். கையெழுத்துன்னா அவரே படிச்சதாத்தாம்மா எடுத்துக்குவாங்க. சரி, படிக்கவே தெரியாதுன்னு வெச்சுக்குவோம். அப்ப போர்டைப் படிக்கத் தெரியாதவர் அந்த மாதிரி ரோட்டுல ஆளுங்கள ஏத்திக்கிட்டு எப்படிப் போகலாம்?"

அவர் என் போனைத் திருப்பி அந்தப் படத்தை மறுபடி பார்த்தார்.

"போர்டை அவர் பார்த்தார்ங்கறதுக்கு இதைவிட சாட்சி வேணாம்மா. போன் இங்க இருக்கட்டும்."

அவனைக் காப்பாற்ற நான் எடுத்துப்போன படம் அவனுக்கு எதிரான சாட்சிகளில் சேர்ந்துவிட்டது.

உரிமத்தை முடக்கிவிட்டார்கள். கவனக்குறைவால் மரணம் என்று வழக்கு. இதுவரை பதினொரு வாய்தா. ஒவ்வொன்றுக்கும் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து போய் வருகிறான். கால் கூடியது, ஆனால் குதிகாலில் உணர்ச்சி இல்லை. இப்போது தண்ணீர் கேன் போடும் இடத்தில் மூடி அடைக்கிறான். சிட்டிபாபு சார் ஒருமுறை வழியில் என்னைப் பார்த்து நின்றார். "படிக்கத் தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லிக்கலாமில்ல, அவன்" என்றார். பிறகு வண்டியில் ஏறிப் போய்விட்டார். ரேங்க் கார்டில் இப்போது தம்பி மனைவிதான் கையெழுத்திடுகிறாள்.

போன மாதம் எங்கள் வக்கீல், அவனுக்குப் படிக்கத் தெரியாது என்று காட்டப் பழைய தாள்களை எல்லாம் கேட்டார். ரேஷன் அட்டை விண்ணப்பம், இரண்டு உரிமங்களின் விண்ணப்பங்கள், வங்கிப் புத்தகம், கல்யாணப் பதிவு, எல்லாம் தேதிவாரியாக அடுக்கிக் கொடுத்தேன். எல்லாவற்றிலும் கைநாட்டு. அவர் புரட்டிப் பார்த்துவிட்டு, "இருக்கட்டும்மா. ஆனா பெரிசா எதிர்பார்க்காதீங்க" என்றார். பிறகு பேனாவைத் திறந்துகொண்டு, முதன்முதலில் இவர் தன் பெயரைக் கையெழுத்தாகப் போட்டது எப்போது என்று கேட்டார்.

2023 நவம்பர் 9, வியாழக்கிழமை.