பத்துக் கோடியே ஒன்று

பேருந்துச் சீட்டின் எண்ணை ஏழால் வகுத்துக்கொண்டே அச்சகத்தின் படியேறுகிறார் அக்கா. மீதி வந்தால் சீட்டைக் கசக்கி எறிந்துவிடுவார். வராவிட்டால் அது கைப்பைக்குள் போகும். அந்தப் பையில் வீட்டுச் சாவியைத் தேடுவதே பெரும்பாடு.

பாடநூல் அச்சிடும் இடத்தில் இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பிழை திருத்துகிறார். எல்லோருக்கும் ‘மீதியக்கா’. மூலப்படியோடு அச்சுப்படியை ஒத்துப் பார்த்துக் கையெழுத்திடுவதுதான் வேலை. அந்தக் கையெழுத்து இல்லாமல் இயந்திரம் ஓடாது. அக்காவோ கணக்கையும் போட்டுப் பார்ப்பார். “மூலத்துல இருக்கிற தப்பைப் பிசகாம அடிக்கவா எனக்குச் சம்பளம்?” என்பார்.

சென்ற வாரம் தேர்வு விடைக் குறிப்பு வந்தது. 100000001 பகா எண், அதாவது ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறெதனாலும் மீதியின்றி வகுபடாதது என்று அதில் இருந்தது. அக்கா பதினேழால் வகுத்தார். சுத்தமாகப் போனது. ஈவு 5882353. அதை 588, 2353 என்று இரண்டாக வெட்டி, ஒவ்வொன்றையும் தன்னாலேயே பெருக்கிக் கூட்டினால் மறுபடி அதே 5882353. கோபத்திலும் அவர் முகம் ஒரு கணம் மலர்ந்துவிட்டது.

“இவ்வளவு அழகை உள்ளே வெச்சிருக்கு. இதைப் போய் உடையாதுன்னு எழுதியிருக்காரே, மகராசன்.”

மேலாளர் அதை எழுதிய நூலாசிரியரைத் தொலைபேசியில் கேட்டுவிட்டு வந்தார். “பதிமூணு வரைக்கும் வகுத்துப் பார்த்தாராம். போகலையாம்.”

“அதுக்கு மேல கால் வலிச்சுதாமா? அடுத்த பகா எண்ணே பதினேழுதானே சார்.”

“அக்கா, நீங்க ஒத்துப் பார்த்தாப் போதும். சாயங்காலம் ஏத்திட்டுப் போக வண்டி வந்துரும்.”

“சரியா வகுத்த புள்ளைக்கு இந்தத் தாளைப் பார்த்துத்தானே சார் தப்புப் போடுவாங்க? நமக்குக் கணக்கே வராதுன்னு அது ஒதுங்கிடும்.”

“அது நூலாசிரியர் பாடு. நீங்க கையெழுத்துப் போடலைன்னா நாளைக்கு வேற ஆளைப் பார்த்துக்கறேன்.”

புத்தகத்தில் பெயர் போட்டுக்கொள்கிறவருக்கு இன்னும் ஒரு படி ஏறச் சோம்பல். ஏறிப் பார்த்தவருக்கு வேலை போகும் மிரட்டல். நல்ல நியாயம்! அக்காவுக்கு ஓய்வுபெற இன்னும் பதினொரு மாதம் இருக்கிறது. வீட்டில் சம்பாதிப்பவரும் அவர் ஒருவர்தான்.

அக்கா பேனாவைத் திறந்தார். கையெழுத்துக்கான கட்டத்தில் 17 × 5882353 = 100000001 என்று குண்டு குண்டாக எழுதினார். பிறகு தாளை மேலாளர் பக்கம் திருப்பி, பேனாவை மூடாமலே அவர் கையில் கொடுத்தார்.