மடியில் கொடுக்காத பெட்டி

எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். பன்றிக் குட்டிகளுக்கு வயிற்றோட்டம் தரும் கிருமி குடலின் உயிர்க்கலங்களை எப்படி அழிக்கிறது என்பதே என் ஆராய்ச்சி.

அன்று கொட்டாஞ்சேனையில், அப்போதுதான் வெட்டிய பன்றியின் குடலை வாங்கி, ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். கொள்ளுப்பிட்டி ஆய்வுகூடத்துக்குச் சீக்கிரம் போகாவிட்டால் கலங்கள் செத்துவிடும்.

பஸ்ஸில் இடமில்லை. நிற்பவர்களின் பைகளை இருப்பவர்கள் வாங்கி வைத்துக்கொள்வது வழக்கம். ஒரு முஸ்லிம் அம்மா கை நீட்டினார்.

"தாங்க மகள், மடியில வெச்சிக்கிறேன்."

"வேணாம், பரவாயில்லை." பெட்டியை இறுக்கிப் பிடித்தேன்.

குண்டுகள் வெடித்துக்கொண்டிருந்த காலம் அது. பெட்டியை விடாத தமிழ்ப் பெண்ணை எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ மணியடிக்க, பஸ் நின்றது.

"பெட்டியே மொனவாத, நங்கி?" உள்ளே என்னவென்று கேட்டார் கொண்டக்டர்.

பொலிஸ் வந்தால் எல்லாம் ரோட்டிலேயே கெட்டுப்போகும். மூடியைத் திறந்தேன். பன்றிக் குடல், ஆராய்ச்சிக்கு என்று சிங்களத்தில் சொன்னேன். பிறகு அந்த அம்மாவுக்காகத் தமிழிலும் சொன்னேன். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"அல்லாஹ்! இதுக்கா தரமாட்டேண்டு நிண்ட?" சிரித்தபடி எழுந்தார். "நீங்க இரிங்க மகள். உங்கட மடியிலயே வெச்சிக்கோங்க."

உட்கார்ந்தேன். இப்போது அவருடைய பையை நான்தான் வாங்க வேண்டும். மடியிலிருந்த பெட்டியைப் பார்த்தேன், பையைக் கேட்கவில்லை. அவரும் தரவில்லை. நான் இறங்கும்வரை பையைக் கை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மாலையில் நுணுக்குக்காட்டியின் கீழ் கலங்கள் உயிரோடு தெரிந்தன.

யாருடைய தயவுமில்லாமல் படித்தவள் என்று பெருமையாகச் சொல்லித் திரிந்தவள் நான். அந்தப் பை எவ்வளவு பாரம் என்பது எனக்கு இன்னும் தெரியாது.