உருட்டாமல் போய்ட்டு வாறன்

பிள்ளைகளே, இந்தக் கதையை என் வாயால் நீங்கள் எத்தனையோ தரம் கேட்டுச் சிரித்திருக்கிறீர்கள். ஆனால் நான் முடிக்கிறதுக்குள் மூத்தவள் குறுக்கால வந்து கடைசியைச் சொல்லிப்போடுவாள். எழுதினால் ஒருத்தரும் குறுக்கால வர ஏலாது. அதுதான் எழுதுகிறேன்.

மூத்தவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். கல்லடிப் பாலத்தால் தன் சைக்கிளில் டவுனுக்கு வகுப்புக்குப் போகவேணும். நான் விடவில்லை. பாலத்தில் லொறி வரும், பஸ் வரும், எனக்குப் பயம். அந்த நேரம்தான் நானும், காத்தான்குடியில் புடவைக் கடை வைத்திருக்கிற என் கூட்டாளியும் மகியங்கனைக்கு அங்கால உள்ள மலைக்குச் சைக்கிளில் போக ஆயத்தமாகிக்கொண்டிருந்தோம்.

"பாலம் ஏறவே உங்களுக்கு மூச்சு வாங்கும். மலையில ஏற ஏலாம இறங்கி, சைக்கிள உருட்டிக்கொண்டுதான் போவீங்க அப்பா."

"உருட்ட மாட்டன்."

"உருட்டினா நான் பாலத்தால போவன். சரியா?"

"சரி" என்று சொல்லிவிட்டேன்.

புறப்படுகிற அன்று வாசல் படலையில் நின்று, எல்லாருக்கும் கேட்கத்தான் சொன்னேன்: "உருட்டாம போய்ட்டு வாறன்." வெளிக்கிடும்போது 'போறன்' என்று யாரும் சொல்வதில்லையே. வாய்க்குப் பழகின சொல்.

மகாஓயாக் காட்டு ரோட்டில் யானை லத்தி ஆவி பறக்கக் கிடந்தது. அதைக் கண்டதும் கூட்டாளி என்னை முந்திக்கொண்டு பறந்தான். பயணம் முழுக்க அவன் என்னை முந்தினது அங்கே மட்டும்தான்.

மகியங்கனை தாண்டினால் பதினெட்டு வளைவு. நின்று இளைப்பாறலாம், உருட்டக்கூடாது, அதுதான் என் சட்டம். கூட்டாளி இரண்டாம் வளைவிலேயே இறங்கிவிட்டான்.

"மச்சான், நீயும் இறங்கு. உன்ட மகளுக்கு நான் சொல்ல மாட்டன்."

"உன்ட வயித்துக்குள்ள எந்த ரகசியமடா நிண்டிருக்கு இவ்வளவு நாளும்?"

கியரை ஆகக் குறைத்து, நின்று நின்று, மிதித்தே ஏறினேன். மேலே நின்று பார்த்தால், நாங்கள் வந்த ரோடு வயல் வட்டைக்குள் போகிற வரம்பு மாதிரி மெல்லிசாகத் தெரிந்தது. அடுத்த நாள் காட்டுக்குள்ளால் இன்னும் ஏறி, இரண்டு மலைக்கு நடுவில் ரோடு அங்கால விழுகிற கணவாய்க்கே போய்விட்டோம். எங்கள் ஊர் வாவிக்கரையில் காற்று பக்கத்தால் வரும். அங்கே அது பள்ளத்திலிருந்து மேலே வந்து இடுப்பில் கட்டின சாரத்தைத் தூக்கியது. கூட்டாளி இரண்டு கையாலும் சாரத்தைப் பிடித்துக்கொண்டு, "நல்ல வேள, இஞ்ச சனம் இல்ல" என்றான்.

திரும்பி இறங்கும்போதுதான் வினை. எங்கள் ஊர் தட்டை. யார் பிறேக் பிடிக்கிறது? செருப்பை டயரில் வைத்து அழுத்தினால் சைக்கிள் நிற்கும். பிறேக் கட்டை எப்போது தேய்ந்து போனதென்றே எனக்குத் தெரியாது. அந்த இறக்கத்திலும் பழக்கத்தில் செருப்பைத்தான் வைத்தேன்.

"மச்சான், எங்கயோ டயர் எரியிது" என்றான் பின்னால் வந்தவன்.

"டயர் இல்லடா, என்ட செருப்பு."

காலைத் தரையில் தேய்த்துத் தேய்த்து, ஒருமாதிரி மண் மேட்டில் முட்டி நிறுத்தினேன். பிறகென்ன, பதினெட்டு வளைவும் உருட்டிக்கொண்டுதான் இறங்கினோம். எதிரே ஏறி வந்த பஸ்ஸில் இருந்த சனம் யன்னலால் எட்டிப் பார்த்துச் சிரித்தது. ஏற்றத்தில் உருட்டுகிறவனைக் கண்டிருப்பார்கள். இறக்கத்தில் உருட்டுகிறவனை எங்கே காண்பது?

வீட்டுக்கு வந்ததும், "ஏறக்குள்ள ஒரு அடிகூட உருட்டல்ல" என்றேன் பெருமையாக. மூத்தவள் என் செருப்பைத் தூக்கி, தேய்ந்து விழுந்த ஓட்டைக்குள்ளால் என்னைப் பார்த்தாள்.

"இறங்கக்குள்ள?"

"அது திரும்பி வாறதுதானே புள்ள."

"நீங்க என்ன சொல்லிட்டு வெளிக்கிட்டீங்க? 'போய்ட்டு வாறன்.' வாறதும் சேர்த்திதான்."

உங்கள் அம்மாவும் அவள் பக்கம்.

மூத்தவள் சொல்லிப்போடுகிற கடைசி இதுவரைக்கும்தான். அடுத்த நாள் நீங்கள் பள்ளிக்கூடம் போன பிறகு அவளுடைய சைக்கிளைக் கடைக்குக் கொண்டுபோய்ப் புதுப் பிறேக் கட்டை போடுவித்தேன். அதில் ஏறி, முழங்கால் ஹாண்டிலில் இடிக்க இடிக்கப் பாலத்துக்குப் போனேன். உச்சியிலிருந்து விட்டு, பாதி இறக்கத்தில் கையால் பிறேக்கைப் பிடித்தேன். நின்றது. திரும்பவும் மேலே போய், இன்னும் வேகமாக விட்டுப் பிடித்தேன். அப்போதும் நின்றது. என் வலது கால் மட்டும் பழக்கத்தில் டயரைத் தேடிப் போயிருந்தது. அதை எடுத்துப் பெடலில் வைத்துக்கொண்டு, மூன்றாம் தரமும் மேலே ஏறினேன்.